பிரசவ அறையில் உடனிருப்பவள்: ஒரு சின்ன வரலாறு



என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி இப்போது நாவலூரில் ஐ.டி. வேலையில் இருக்கிறாள். ஏழாவது மாதம். போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். "டீச்சர், பிரசவத்துக்கு டூலா வெச்சுக்கலாமான்னு யோசிக்கிறோம். பேக்கேஜ் ரேட் சொல்றாங்க. இதெல்லாம் நம்ம ஊர்ல முன்னாடி இருந்ததா, இல்ல வெளிநாட்டு ஃபேஷனா?"

நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு முப்பத்தைந்து வருடம் கரும்பலகை முன்னால் நின்றவள். ஆனால் அவள் கேட்டது வைத்தியக் கேள்வி இல்லையே, வரலாற்றுக் கேள்வி. பதில் எழுத உட்கார்ந்தால் நீண்டுகொண்டே போனது. நம் பிள்ளைகளில் பலர் இப்போது பிள்ளை பெறும் வயதில் இருக்கிறீர்கள், சிலர் தாத்தா பாட்டியாகவே ஆகிவிட்டீர்கள். அதனால் எல்லோருக்குமாக இங்கே போடுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் சொல். 'டூலா' கிரேக்க மொழிச் சொல். பணிப்பெண், இன்னும் கறாராகச் சொன்னால் அடிமைப்பெண் என்று பொருள். டானா ராஃபேல் என்ற அமெரிக்க மானுடவியல் அறிஞர், தாய்ப்பால் பற்றி 1973-இல் வெளியிட்ட புத்தகத்தில், பிள்ளை பெற்றவளுக்குப் பக்கத்தில் இருந்து உதவும் பெண் என்ற பொருளில் இதைப் பயன்படுத்தினார். பிறகு அது பிரசவ அறைக்குள்ளும் போயிற்று. டூலா பிரசவம் பார்ப்பவள் அல்ல. ஊசி போடமாட்டாள், பரிசோதிக்கமாட்டாள். வலி தொடங்கியதிலிருந்து பிள்ளை பிறக்கும் வரை பக்கத்திலேயே இருப்பாள். இடுப்பை அழுத்திவிடுவாள், தண்ணீர் கொடுப்பாள், எழுந்து நடக்க வைப்பாள், "இதோ ஆச்சு" என்பாள். அவ்வளவுதான் வேலை.

இந்த வேலை நமக்குப் புதிதா? திருச்சி மலைக்கோட்டைக்குச் சுற்றுலா கூட்டிப்போனபோது நான் சொன்ன கதை சிலருக்காவது நினைவிருக்கும். ரத்னாவதி என்ற செட்டிப்பெண் நிறைமாதமாக இருக்கிறாள். பிரசவத்துக்கு வரவேண்டிய அவளுடைய தாய், காவிரியில் வெள்ளம் வந்ததால் அக்கரையிலேயே நின்றுவிடுகிறாள். சிவபெருமானே அந்தத் தாயின் உருவத்தில் வந்து பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறார். வெள்ளம் வடிந்து உண்மையான தாய் வந்து நிற்கும்போதுதான் விஷயம் தெரிகிறது. அதனால் அவர் தாயுமானவர். கதையைக் கொஞ்சம் கவனியுங்கள். கடவுள் அங்கே வைத்தியராக வரவில்லை, அம்மாவாக வந்தார். அந்த நேரத்தில் ஒரு பெண்ணுக்கு எது வேண்டும் என்பது கதை சொன்னவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

நம் தலைப்பிரசவ வழக்கத்தையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடித்துப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புகிறோம். வலி வரும் நேரத்தில் பெற்ற தாய் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பதற்காகச் சமூகம் செய்துவைத்த ஏற்பாடுதானே அது?

வீட்டுப் பிரசவத்தில் இரண்டு விதமான பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி மருத்துவச்சி. நம் பகுதியில் பெரும்பாலும் நாவிதர் குடும்பத்துப் பெண். ஊருக்கெல்லாம் கணவர் முடி திருத்துவார், மனைவி பிள்ளை எடுப்பார். சம்பளம் என்று கிடையாது. நெல், புடவை, வெற்றிலை பாக்கு, கையில் கொஞ்சம் சில்லறை. பிள்ளையை உலகத்துக்கு வாங்கிக் கொடுத்த அதே கையைத் தீட்டு என்று ஒதுக்கியும் வைத்தார்கள். பழைய காலம் பொற்காலம் என்று யாராவது உங்களிடம் சொன்னால் இதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். இன்னொரு விதம், அத்தை, பாட்டி, அக்கா, அடுத்த வீட்டுக்காரி. உத்தரத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு பெண் முக்கும்போது பின்னால் இருந்து தாங்கிக்கொண்டவர்கள் இவர்கள்தான். நம் கோவில் தூண்களிலும் தேர்ச் சிற்பங்களிலும் பிரசவக் காட்சியைச் செதுக்கிய சிற்பி, நடுவில் நிற்கும் பெண்ணுக்கு இரண்டு பக்கமும் ஆள் நிறுத்தியிருப்பதைப் பார்க்கலாம்.

துணை இருந்தது. ஆனால் சிக்கல் வந்தால் கைகொடுக்கும் வித்தை இல்லை. பிள்ளை குறுக்கே கிடந்தால், இரத்தப்போக்கு நிற்காவிட்டால், ஜன்னி கண்டால், சுற்றி நின்ற பத்துப் பேரும் அழத்தான் முடியும். பிரசவம் பெண்ணுக்கு மறுபிறவி என்று நம் பெரியவர்கள் சொன்னது அலங்காரத்துக்கு அல்ல.

அதனால்தான் ஆஸ்பத்திரி வந்தது. சென்னையில் பிரசவத்துக்கென்றே ஓர் அரசு மருத்துவமனை 1844-இல் தொடங்கியது. அதுதான் பிறகு எழும்பூருக்குப் போய் இன்று நாம் எழும்பூர் தாய்சேய் ஆஸ்பத்திரி என்று சொல்லும் இடம். 1854-இல் சென்னையில் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சிப் பள்ளி ஏற்பட்டது. மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, ஆண் மருத்துவரிடம் போகமாட்டாமல் வீட்டுக்குள்ளேயே பெண்கள் சாவதைக் கண்டு, தானே படிப்பது என்று முடிவெடுத்து 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அவர் முயற்சியால் 1885-இல் உருவானதுதான் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி, இன்றைய கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை. நம் கடற்கரை ஊர்களில் எத்தனையோ பேர் பிறந்த இடம் அது. செங்கல்பட்டில் மருத்துவக் கல்லூரி 1965-இல் வந்தது. அதற்குப் பிறகு மதுராந்தகம், திருக்கழுக்குன்றம் பக்கத்துச் சிக்கலான கேஸ்கள் எல்லாம் சென்னை வரை போகாமல் இங்கேயே நின்றன.

ஆஸ்பத்திரி வித்தையைக் கொண்டுவந்தது. துணையை வெளியே நிறுத்தியது. இதற்கும் ஒரு காரணம் இருந்தது, அதைச் சொல்லாமல் ஆஸ்பத்திரியைத் திட்டுவது நியாயமில்லை. பிள்ளை பெற்ற பிறகு வரும் காய்ச்சல் ஐரோப்பிய மருத்துவமனைகளிலேயே பெண்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் 1847-இல், பிணப் பரிசோதனை செய்துவிட்டு வரும் மாணவர்களைக் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வைத்தார். சாவு மளமளவென்று குறைந்தது. நோய் கையோடு வருகிறது என்று தெரிந்த பிறகு, வெளியாள் யாரும் உள்ளே வரக்கூடாது என்று கதவைச் சாத்தினார்கள். பிறகு இடநெருக்கடியும் சேர்ந்துகொண்டது. ஒரே கூடத்தில் ஐந்தாறு பெண்கள், நடுவில் திரை இல்லை, அதில் உறவுக்காரர்களை எப்படி விடுவது? கதவு சாத்தியே கிடந்து, அதுவே சட்டம் போல ஆகிவிட்டது.

அந்தக் கதவுக்கு உள்ளே நானும் இருந்திருக்கிறேன். 1984-இல், எங்கே என்று வேண்டாம். பதினோரு மணி நேரம். என் அம்மா வராந்தாவில் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், நடுவில் ஒரு சுவர்தான். நான் கத்தினால் அவருக்குக் கேட்கும், அவர் பேசினால் எனக்குக் கேட்காது. உள்ளே எனக்குக் கிடைத்ததெல்லாம் "கத்தாதே", "அசையாதே". ராத்திரி ஷிப்டில் வந்த ஓர் ஆயா மட்டும் பத்து நிமிடம் என் நெற்றியில் கை வைத்துக்கொண்டு நின்றார். வேறு கட்டிலில் கூப்பிட்டார்கள், போய்விட்டார். அந்தப் பத்து நிமிடத்தில் வலி குறைந்ததா என்று கேட்டால் குறையவில்லை. ஆனால் பயம் குறைந்தது. இரண்டும் வேறு வேறு என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இது என் ஒருத்தியின் புலம்பல் இல்லை என்பதற்கு நம் கடற்கரையிலேயே ஆதாரம் இருக்கிறது. 1990-களின் நடுவில் சிசிலியா வான் ஹாலன் என்ற அமெரிக்க மானுடவியலாளர், சென்னையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள கானத்தூர் ரெட்டிக்குப்பத்திலும் தங்கிப் பெண்களிடம் பிரசவ அனுபவங்களைக் கேட்டார். முட்டுக்காட்டுக்கு இந்தப் பக்கம், மாமல்லபுரம் போகிற வழியில் எத்தனையோ முறை பஸ்ஸில் கடந்த ஊர்தான். அவர் எழுதிய புத்தகம் 2003-இல் வெளியாயிற்று. மீனவக் குடும்பத்துப் பெண்களும் கூலிவேலைப் பெண்களும் அவரிடம் மனம்விட்டுச் சொன்னவை அதில் இருக்கின்றன. ஆஸ்பத்திரி வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. சீக்கிரம் வலி எடுக்க ஊசி போடுங்கள் என்று அவர்களே கேட்டதும் உண்டு. குறை என்று அவர்கள் சொன்னது உள்ளே கேட்கும் திட்டு, கீழ்நிலை ஊழியர்களுக்குக் கொடுக்கவேண்டிய கைக்காசு, கேட்காமலே மாட்டிவிடும் கருத்தடைச் சாதனம், கூட யாரையும் விடாதது. வீட்டிலேயே பெற்றுக்கொண்டவர்கள் அறியாமையால் மட்டும் அப்படிச் செய்யவில்லை, யோசித்துத்தான் செய்தார்கள். நம் ஊர்ப் பெண்கள் சொன்னதை நாமே கேட்டு எழுதியிருக்கவேண்டும், அமெரிக்காவிலிருந்து ஒருவர் வரவேண்டியிருந்தது என்பது எனக்குச் சின்ன வருத்தம்.

சரி, பக்கத்தில் ஆள் இருந்தால் மனசுக்கு ஆறுதல், அவ்வளவுதானே என்று நினைக்கலாம். விஞ்ஞானம் அப்படிச் சொல்லவில்லை. மத்திய அமெரிக்காவில் குவாட்டமாலா என்ற நாட்டில் ஒரு மருத்துவமனை. நம் ஆஸ்பத்திரிகள் போலவே அங்கும் பெண்கள் தனியாகத்தான் கிடந்தார்கள். கென்னல், கிளாஸ் என்ற குழந்தை மருத்துவர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும் அங்கே ஒரு சோதனை செய்து 1980-இல் வெளியிட்டார்கள். சில பெண்களுக்கு மட்டும், முன்பின் தெரியாத, எந்தப் பயிற்சியும் இல்லாத ஒரு சாதாரணப் பெண்ணைத் துணைக்கு வைத்தார்கள். சிக்கல் இல்லாமல் பெற்றவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால், தனியாக இருந்தவர்களுக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்ததிலிருந்து பிள்ளை பிறக்கச் சராசரியாக 19 மணி நேரத்துக்கு மேல் ஆனது. துணை இருந்தவர்களுக்கு 9 மணி நேரத்துக்குள். துணை இருந்தவர்கள் பிள்ளை பிறந்த பிறகு அதிக நேரம் விழித்திருந்து, பிள்ளையைத் தடவி, சிரித்து, பேசினார்கள் என்றும் எழுதினார்கள்.

இதைவிட எனக்குப் பிடித்தது 1991-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில் அவர்கள் செய்த அடுத்த சோதனை. மூன்று குழு. ஒரு குழுவுக்குக் கையைப் பிடித்துப் பேசும் டூலா. ஒரு குழுவுக்கு யாருமில்லை. நடுக் குழுவில் ஒரு பெண் அறை ஓரத்தில் உட்கார்ந்து குறிப்பு மட்டும் எழுதுவாள், பேசமாட்டாள், தொடமாட்டாள். சிசேரியன் ஆனவர்கள், டூலா இருந்த குழுவில் 8 சதவீதம், யாருமில்லாத குழுவில் 18 சதவீதம். சும்மா உட்கார்ந்திருந்தவள் இருந்த குழுவில்? 13. ஒன்றுமே செய்யாமல் ஒரு மூலையில் ஒரு மனுஷி இருந்ததற்கே அவ்வளவு வித்தியாசம்! பரீட்சை ஹாலில் நான் மேஜையில் உட்கார்ந்திருந்தாலே சில பிள்ளைகளுக்குக் கை நடுக்கம் நின்றுவிடும். அது நினைவுக்கு வந்தது.

காரணம் ஓரளவு புரிந்துகொள்ளக்கூடியதுதான். கருப்பையைச் சுருங்க வைப்பது ஆக்சிடோசின் என்ற சுரப்பு. பயந்தால் உடம்பில் அட்ரினலின் ஏறும், அது இந்தச் சுருக்கத்தை மட்டுப்படுத்தும். பயத்தில் வலி நின்று நின்று வரும், நேரம் இழுக்கும், அப்புறம் ஊசி, அப்புறம் கத்தி. பூனைகூட குட்டி போட ஆள் தொந்தரவு இல்லாத மூலையைத் தேடுகிறது. மனுஷிக்கோ தன்னுடைய ஆள் பக்கத்தில் வேண்டும்.

2017-இல் காக்ரேன் அமைப்பு 17 நாடுகளில் நடந்த 26 ஆய்வுகளை, கிட்டத்தட்ட 16,000 பெண்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. (செங்கல்பட்டுக்காரர்களுக்குக் காக்ரேன் என்றால் திருமணி தொழுநோய் மருத்துவமனை டாக்டர் ராபர்ட் காக்ரேன் நினைவுக்கு வருவார். அவர் வேறு, இது ஆர்ச்சி காக்ரேன் என்ற பிரிட்டிஷ் மருத்துவரின் பெயரில் உள்ளது.) இவ்வளவு பேரையும் சேர்த்தபோது குவாட்டமாலா அளவுக்குப் பெரிய வித்தியாசம் வரவில்லை. பிரசவ நேரம் சராசரியாக 40 நிமிடம் குறைந்தது. சிசேரியன் வாய்ப்பு ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்தது. எனக்கு இது ஏமாற்றமாகத் தெரியவில்லை. செலவே இல்லாத ஒரு வைத்தியத்துக்கு இது பெரிய பலன்.

இப்போது நாம் பெருமைப்படவேண்டிய இடம். மத்திய அரசு பிரசவத் துணை பற்றிய வழிகாட்டியை வெளியிட்டது 2016-இல். உலக சுகாதார நிறுவனம், பெண் விரும்பும் துணை ஒருவர் பிரசவம் முழுதும் கூட இருக்கவேண்டும் என்று 2018-இல் எல்லா நாடுகளுக்கும் சொன்னது. நம் தமிழ்நாடு 2004-லேயே அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பிரசவத் துணைத் திட்டத்தைக் கொண்டுவந்துவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று நர்ஸ்களைப் போட்டு 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க ஏற்பாடு பரவிய காலம் அது. முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பெயரிலான மகப்பேறு உதவித்தொகை 2006-இல் 6,000 ரூபாய் ஆயிற்று, 108 வண்டி 2008-இல் வந்தது. 2001-03 காலத்தில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்கு 134 ஆக இருந்த நம் மாநிலத் தாய்மார் இறப்பு, 2018-20-இல் 54. துணைத் திட்டத்தால் மட்டும் இது நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். இரத்த வங்கி, ஆம்புலன்ஸ், ஒவ்வொரு சாவையும் விசாரிக்கும் முறை, நர்ஸ்களின் உழைப்பு எல்லாம் சேர்ந்தது. ஆனால் பெண்கள் கானத்தூரில் சொன்ன குறைகளில் ஒன்றுக்காவது அரசாங்கம் காது கொடுத்தது.

விதிமுறை எளிது. துணைக்கு வருபவர் பெண்ணாக, முடிந்தவரை தானே பிள்ளை பெற்றவராக இருக்கவேண்டும். தொற்றுநோய் இருக்கக்கூடாது. சுத்தமான உடை. சிகிச்சையில் குறுக்கிடக்கூடாது, பக்கத்துக் கட்டில் பெண்களைத் தொடக்கூடாது. தனி மறைப்பு உள்ள இடங்களில் கணவரையும் விடலாம் என்று மத்திய அரசின் வழிகாட்டி சொல்கிறது.

காகிதத்தில் இப்படி. நடைமுறையில் என்ன ஆகிறது என்றால், உள்ளே விட்ட அம்மாவை டீ வாங்க, சீட்டு எடுத்துக்கொண்டு ஓட, துணி அலச, பக்கெட் கொண்டுவர அனுப்பிவிடுகிறார்கள். முக்கியமான நேரத்தில் அவர் வரிசையில் நிற்கிறார். இன்னும் சில இடங்களில் கூட்டம் அதிகம் என்று வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள். தனியாரில் கேட்கவே வேண்டாம், ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் இடங்களிலும் அம்மா வெளியே, பெண் உள்ளே. தமிழ்நாட்டில் சிசேரியன் 2015-16 கணக்கெடுப்பில் நூற்றுக்கு 34, 2019-21-இல் 45. கிட்டத்தட்ட இரண்டு பிரசவத்தில் ஒன்று. இதில் எத்தனை தேவையானவை என்று டாக்டர்கள்தான் சொல்லவேண்டும். தேவைப்படும்போது அது உயிர் காக்கும் அறுவை, அதில் சந்தேகமில்லை. ஆனால் பயத்தால் இழுத்துப்போய் முடிந்தவை இதில் கொஞ்சமாவது இருக்கும் என்று ஹூஸ்டன் கணக்கு எனக்குச் சொல்கிறது.

இன்னொரு கூட்டத்தை யாரும் நினைப்பதில்லை. மறைமலைநகர், ஒரகடம் பக்கம் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்கள் எத்தனை! அந்தப் பெண்ணுக்கு வலி, சுற்றிலும் தமிழ், அம்மா ஆயிரம் மைலுக்கு அப்பால். நடுவில் காவிரியும் இல்லை, வெள்ளமும் இல்லை, ஆனாலும் ரத்னாவதி நிலைமைதான். அதே வரிசையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணாவது உள்ளே போகலாம் என்று அவர்களுக்கு யார் சொல்வது? நம் மாணவிகளில் கிராம சுகாதார செவிலியராக இருப்பவர்கள் இருக்கிறீர்கள். உங்களைத்தான் கேட்கிறேன்.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். ஆஸ்பத்திரி மேல் கோபத்தில் வீட்டிலேயே பெற்றுக்கொள்ளலாம் என்று இப்போது சில வீடியோக்கள் சுற்றுகின்றன. 2018-இல் திருப்பூரில் வீடியோ பார்த்து வீட்டில் பிரசவம் முயன்ற ஒரு பெண் இரத்தப்போக்கால் இறந்துபோனார். அவரும் என் போல ஒரு பள்ளி ஆசிரியை. துணை என்பது வித்தைக்குப் பதில் அல்ல. ஆஸ்பத்திரியும் வேண்டும், உள்ளே கைபிடிக்க ஆளும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதைப் பறிப்பவர்களை நம்பாதீர்கள், அவர்கள் வெள்ளைக் கோட்டில் வந்தாலும் சரி, வீடியோவில் வந்தாலும் சரி.

நாவலூர்ப் பெண்ணுக்கு நான் எழுதியது இது. அம்மாவோ அத்தையோ அக்காவோ அந்த நேரத்தில் வரமுடியும், பதறாதவர் என்றால் டூலாவுக்குப் பணம் கொடுக்கவேண்டியதில்லை. வரமுடியாது, அல்லது வந்தால் உன்னைவிட அவர்தான் அதிகம் அழுவார் என்றால், நல்ல பயிற்சி பெற்ற டூலாவை வைத்துக்கொள், அதில் வெட்கமும் இல்லை, ஃபேஷனும் இல்லை. டாக்டர் செய்யவேண்டியதைத் தான் செய்வதாகச் சொல்பவளை மட்டும் வைக்காதே. ஒன்பதாம் மாதம் வரை காத்திருக்காமல் இப்போதே ஆஸ்பத்திரியில், "பிரசவத்தின்போது கூட ஒருத்தரை உள்ளே விடுவீர்களா, முழு நேரமுமா?" என்று நேராகக் கேள். அரசு மருத்துவமனை என்றால், அப்படி ஒரு திட்டம் 2004-லிருந்து இருக்கிறது என்று தெரிந்துகொண்டு கேள். ஓடியாட வேறொருவர் வெளியே இருக்கட்டும், உள்ளே வருபவரை எந்தச் சீட்டுக்கும் அனுப்ப விடாதே. வருபவர் நகம் வெட்டி, வளையல் கழற்றி, சாப்பிட்டுவிட்டு வரட்டும். பசியோடு நிற்பவரால் பத்து மணி நேரம் இடுப்பு பிடித்துவிட முடியாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மேரி ஷார்லீப் பெயர் தெரிகிறது, கென்னல் பெயர் தெரிகிறது. கோவளம், கானத்தூர், சதுரங்கப்பட்டினம், புதுப்பட்டினம், திருக்கழுக்குன்றம் பக்கம் ஐம்பது அறுபது வருடத்துக்கு முன்னால் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை எடுத்த மருத்துவச்சிகளின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இன்றைக்கே கேளுங்கள். யார் எடுத்தார்கள், எந்த ஊர், பின்னால் தாங்கிப் பிடித்தது யார் என்று தெரிந்தவரை கீழே எழுதுங்கள். ஒரு நோட்டில் சேர்த்து வைக்கிறேன்.